நாற்பத்தாறு இலைக்கு நாற்பத்தாறு ஸ்பூன்

விருந்தில் நெய் ஊற்றுகிறவனுக்கு எண்ணத் தெரிந்திருக்கக் கூடாது. எனக்கு எண்ணாமல் இருக்கத் தெரியாது. அப்படிப்பட்டவன் கையில் நெய்த் தூக்குவாளியைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை ஆறு வருடத்துக்கு முன்னால் புத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாற்பத்தாறு பேர் பார்த்தார்கள். பேத்தியின் கல்யாணமே நின்று போயிருக்கும். நின்றிருந்தால் இதை எழுத எனக்குத் தைரியம் வந்திருக்காது.

சித்தூரில் புள்ளிவிவர அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். ஊர் ஊராகப் போய் எத்தனை கிணறு, எத்தனை எருமை, எத்தனை மாமரம் என்று மற்றவர்கள் எண்ணிக்கொண்டு வருவார்கள். அதைக் கூட்டிச் சரிபார்ப்பது என் வேலை. ஓய்வு பெற்று நகரிக்கு வந்த பிறகு கூட்டுவதற்கு எருமை இல்லை. ஆகவே வீட்டில் இருந்ததை எண்ண ஆரம்பித்தேன். எங்கள் மாடிக்குப் பதினேழு படி. எதிர்வீட்டு விசைத்தறி ஒரு நிமிடத்துக்கு எத்தனை தடவை அடிக்கிறது என்று தறிக்காரருக்கே தெரியாது, எனக்குத் தெரியும். ஒரு வாய் சோற்றை முப்பத்திரண்டு முறை மெல்லுவேன். (நடுவில் பேச்சுக் கொடுத்தால் கணக்கு தவறிவிடும். அதனால் சாப்பிடும்போது யாரும் என்னோடு பேசக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். யாருக்கும் அப்படி ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.)

அறுபத்தெட்டு வயதில் வயிறு தகராறு செய்ய ஆரம்பித்தது. சாப்பிட்டால் உப்புசம், சாப்பிடாவிட்டால் எரிச்சல், இரண்டுக்கும் நடுவில் ஏப்பம். ஏப்பம் ஒரு நாளைக்கு நாற்பதைத் தாண்டியபோது நோட்டை எடுத்துக்கொண்டு திருப்பதிக்குப் போய் ஒரு வயிற்று டாக்டரைப் பார்த்தேன். அவர் நோட்டில் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூன்று விஷயம் சொன்னார். எண்ணெயையும் நெய்யையும் குறையுங்கள். கீரை, காய், தானியம் நிறையச் சேருங்கள். ஏப்பத்தை எண்ணுவதை நிறுத்துங்கள். நான் முதலாவதைப் பிடித்துக்கொண்டேன். மற்ற இரண்டும் எனக்குச் சொன்னதாகவே படவில்லை.

எண்ணெய்க்கும் என் வயிற்றுக்கும் என்ன விரோதம் என்பதை விளக்கியவள் பேத்தி புவனா. நுண்ணுயிரியல் படித்துவிட்டுத் திருப்பதியில் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்தவளைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். குடலின் உள்சுவரில் வழவழவென்று ஒரு பூச்சு உண்டு. அந்தப் பூச்சிலேயே சில நல்ல பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவை இருக்கிறவரை சுவருக்குக் காவல், பூச்சும் கெட்டியாக இருக்கும். தினமும் கொழுப்பு அதிகமாகத் தின்றால் அதைக் கரைக்கப் பித்தநீர் அதிகம் சுரக்கும். பித்தநீரைத் தாங்குகிற வேறு கூட்டம் பெருகும். காவல்காரர்கள் குறைவார்கள், பூச்சு மெலியும். எல்லாக் கொழுப்பும் ஒன்றல்ல. வனஸ்பதி, நெய் வகைதான் இதில் மோசம், மீன் எண்ணெய் மாதிரியானவை அவ்வளவு கெடுதி செய்வதில்லை. இதெல்லாம் பெரும்பாலும் எலிகளில் பார்த்தது, மனுஷர்களில் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னாள். அதற்கு மேலும் ஏதோ சொன்னாள். நான் எழுதிக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை.

எத்தனை பாக்டீரியா இருக்கும் என்று கேட்டேன். எண்ண முடியாது தாத்தா, கோடி கோடியாக இருக்கும் என்றாள். என் வாழ்க்கையில் எண்ண முடியாதது என்று ஒன்று, அதுவும் என் வயிற்றுக்குள்ளேயே. அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

எண்ண முடியாதவற்றைக் காப்பாற்றவாவது வேண்டும் அல்லவா. இருமல் மருந்தோடு வந்த ஐந்து மில்லி பிளாஸ்டிக் ஸ்பூன் ஒன்றை அடுப்பங்கரையில் வைத்தேன். தாளிக்க ஒரு ஸ்பூன், தோசைக்கு அரை ஸ்பூன், அப்பளம் சுட்டால் போதும். வெளியே சாப்பிடப் போனால் ஸ்பூன் என் சட்டைப் பையில் வரும். மனைவி சரோஜா முதல் வாரம் சிரித்தாள், இரண்டாவது வாரம் தனக்கென்று தனி வாணலி வாங்கிக்கொண்டாள்.

“கல்யாணமாகி நாப்பத்தஞ்சி வருசம். நான் இன்னா துன்னேன்னு ஒரு நாள் கேட்டது கெடையாது. கண்ணுக்குத் தெரியாததுங்களுக்கு வேளைக்கு வேள விசாரணை,” என்றாள்.

(நாற்பத்து நான்கு வருடம். அப்போதே திருத்தினேன். அது தனிச் சண்டை.)

இப்படி எட்டு மாதம் போனது. அந்தச் சமயத்தில்தான் புவனாவுக்கு இடம் வந்தது. அதற்கு முன் வந்த ஐந்து இடத்தையும் அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். ஆறாவதாக வெதுருகுப்பத்திலிருந்து வந்த ஹரியைப் பார்த்ததும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரமே இரண்டு பேரும் போனில் பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்று சரோஜா கண்டுபிடித்தாள். பையனுக்குத் திருப்பதியிலேயே வேலை, நல்ல குணம். குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்று. பையனின் தாத்தா முனிரத்தினம். எழுபத்தெட்டு வயது. அவர் வாயிலிருந்து சரி என்று வராமல் அந்த வீட்டில் ஒன்றும் நடக்காது. பெரிய பேரனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் காபி ஆறிப்போய் வந்தது என்று எழுந்து வந்தவர். அந்தப் பெண்ணுக்கும் அந்தப் பேரனுக்கும் தனித்தனியாக வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று.

நிச்சயதார்த்தத்தைப் புத்தூர் மண்டபத்தில் வைத்தோம். நல்ல நேரம் இரண்டு மணிக்கு மேல்தான் என்று ஜோசியர் சொல்லிவிட்டதால் சாப்பாடு முதலில், தாம்பூலத் தட்டு மாற்றுவது பிறகு என்று ஏற்பாடு. மாப்பிள்ளை வீட்டார் நாற்பத்தாறு பேர் முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சம்பந்தி பந்தியில் சோறும் பருப்பும் விழுந்ததும் பெண் வீட்டில் வயதில் மூத்தவர் தன் கையால் நெய் ஊற்ற வேண்டும். போதுமா என்று கேட்கக் கூடாது, கேட்டால் கொடுக்க மனசில்லை என்று அர்த்தம். சாப்பிடுகிறவர் போதும் என்று நினைத்தால் இலைக்கு மேலே உள்ளங்கையை விரிப்பார். அதுவரை ஊற்றுகிறவர் கை நிற்கக் கூடாது. பெரியவர் சோற்றில் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடத் தொடங்குவார்கள்.

இது எல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

மகன் செல்வம் நெய்த் தூக்கையும் கரண்டியையும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். முகத்தில் கலவரம்.

“நைனா, ஒண்ணும் பேச வாணாம். ஊத்து. கை வச்சாங்கன்னா அடுத்த எலைக்குப் போ. அவ்ளோதான்.”

சரி என்றேன். பந்தியின் தலைப்பக்கம் போய் முதல் இலையைப் பார்த்தேன். வடை, போளி, புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம்... பதினோரு ஐட்டத்தில் எட்டு எண்ணெயில் பிறந்தது. ஒரு இலைக்கு இத்தனை, நாற்பத்தாறு இலைக்கு இத்தனை என்று மனது தானாகப் பெருக்கியது. இதற்கு மேல் நெய்யா என்று தோன்றியது. நாற்பத்தாறு குடல் சுவர்களும் இந்த நிமிடம் என் பொறுப்பில் இருக்கின்றன என்றும் தோன்றியது. ஓய்வு பெற்றவர்களுக்கு இப்படியெல்லாம் தோன்றும், யாரும் அவர்களை ஒன்றும் கேட்காததால்.

கரண்டியை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஐந்து மில்லி ஸ்பூனை எடுத்தேன்.

முதல் இலை முனிரத்தினத்துடையது. ஒரு ஸ்பூன் ஊற்றினேன். சோற்றின் உச்சியில் விழுந்து போன இடம் தெரியாமல் போயிற்று. அவர் சோற்றைப் பார்த்தார், ஸ்பூனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கை முழங்காலில் இருந்தது. (மெச்சுகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் தலையை வேறு ஆட்டினேன்.) அடுத்த இலைக்கு நகர்ந்தேன். இலைக்கு ஒரு ஸ்பூன், ஒரு சொட்டுக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான்கு நிமிடத்தில் நாற்பத்தாறு இலையையும் முடித்தேன். இருநூற்று முப்பது மில்லி செலவு. தூக்கில் மூன்று லிட்டருக்கு மேல் அப்படியே மிச்சம். வருடக் கடைசியில் இரண்டு பக்கக் கணக்கும் நேரானால் வருமே, அந்தத் திருப்தியோடு நிமிர்ந்தேன்.

ஒருவரும் சாப்பிடவில்லை. நாற்பத்தாறு கையும் மேஜைக்குக் கீழே. ரசத்துக்குக் காத்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். செல்வம் சமையலறை வாசலில் நின்று கரண்டி பிடிக்கிற மாதிரி கையைக் கவிழ்த்துக் கவிழ்த்துக் காட்டிக்கொண்டிருந்தான். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

முனிரத்தினம் மெதுவாகக் கேட்டார். “இன்னா சம்பந்தி, நெய் அவ்ளோதானா?”

இல்லை, இதோ ஊற்றுகிறேன் என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும். நான் விளக்கினேன். குடலின் உள்சுவரைப் பற்றி, அதன் வழவழப்பைப் பற்றி, அதில் குடியிருப்பவர்களைப் பற்றி, பித்தநீரைப் பற்றி. வழவழப்பு எப்படி இருக்கும் என்று அவர்களுக்குப் புரிய வேண்டுமே என்பதற்காக இலையில் இருந்த வெண்டைக்காய்ப் பச்சடியைச் சுட்டிக்காட்டினேன். மூன்றாவது இலையில் இருந்த அம்மாள் அந்தப் பச்சடியை ஒரு விரலால் இலை ஓரத்துக்குத் தள்ளியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

முனிரத்தினம் கடைசி வரை கேட்டார். குரல் உயரவில்லை. “எங்க ஊட்ல யாருக்கும் கொடல்ல ஒண்ணும் கெடையாது. பையனுக்கு எதுனா கீதுன்னு யாரானா வந்து சொன்னாங்களா உங்களுக்கு?”

இதற்கு ஒரே வார்த்தை போதும். இல்லை. அதையும் சொன்னேன், ஆனால் அதோடு நிறுத்தவில்லை.

“யாரும் சொல்லலீங்க. அதெல்லாம் டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும். நம்ம புவனா லேப்லயே பண்ணிடலாம்.”

பந்தியின் கோடியில் ஹரி கண்ணை மூடிக்கொண்டான். முனிரத்தினம் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். அதன் பிறகு வரிசையாக நாற்காலிகள் இழுபடும் சத்தம். பதினொன்று வரை எண்ணினேன். பன்னிரண்டாவது கேட்டபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. இந்தச் சத்தம் நாற்பத்தாறு ஆனால் என் பேத்தியின் கல்யாணம் இல்லை.

“சம்பந்தி, அது எங்க ஊட்டு நெய்,” என்றார் முனிரத்தினம். “நாலு எரும. நிச்சயத்துக்குன்னு ஒரு மாசமா உருக்கிச் சேத்து வச்சி, காத்தால நானே மடியில வச்சிகினு வந்து உங்க மவங் கையில குடுத்தேன். எங்க நெய்ய எங்களுக்கே இருமல் மருந்து மாதிரி ஊத்திகினு போறீங்க.”

(தூக்கு வந்தபோது நான் மண்டபத்து மின்விசிறிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினான்கு. இரண்டு ஓடவில்லை.)

சரோஜா சமையலறையிலிருந்து வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, “அண்ணா, அவரு உங்கள ஒண்ணும் சொல்லல. எட்டு மாசமா என்னிய இந்தப் பாடு படுத்திகினு கீறாரு. இன்னிக்கி உங்க மொற. நான் அவரோட நாப்பத்தஞ்சி வருசம் இருந்துட்டேன், நீங்க ஒரு வேள சாப்ட மாட்டீங்களா?” என்றாள்.

இந்த முறை நான் வருடத்தைத் திருத்தவில்லை.

முனிரத்தினம் என் கையிலிருந்து தூக்கை வாங்கிக்கொண்டார். பிறகு, “செரி. மொதல்ல அவரு துன்னட்டும். நான் ஊத்தறேன்,” என்றார்.

அவர் பக்கத்து நாற்காலியில் என்னை உட்கார வைத்து இலை போட்டார்கள். சோறு, பருப்பு விழுந்தது. முனிரத்தினம் ஜன்னல் கட்டையிலிருந்து கரண்டியை எடுத்துத் தூக்கில் விட்டு முகந்தார். ஊற்றினார். ஒன்று.

இரண்டு. மூன்று. என் உள்ளங்கை முழங்காலில் இருந்தது. எடுத்து விரித்தால் நின்றுவிடும். ஆனால் இப்போதுதான் நெய்யைப் பற்றி ஒரு சொற்பொழிவு முடித்திருக்கிறேன். மூன்றாவது கரண்டிக்கே கை வைத்தால் உங்கள் நெய் விஷம் என்று மறுபடி சொன்ன மாதிரி ஆகிவிடாதா. ஆகவே கையை எடுக்கவில்லை. நான்கு, ஐந்து. அவராலும் நிறுத்த முடியாது, நான் கை வைக்காமல் அவர் கை நின்றால் நான் செய்ததையே அவரும் செய்ததாக ஆகும். போதுமா என்று கேட்கவும் முடியாது. ஆறாவது கரண்டியில் அவர் கோபம் போய்விட்டது, முகத்தில் தெரிந்தது. எட்டாவதில் பயம் வந்தது. அவர் கண் என் கையைப் பார்க்கும், என் முகத்தைப் பார்க்கும், கரண்டி மறுபடி தூக்குக்குள் போகும். எழுபத்தெட்டு வயதுத் தோள் நடுங்க ஆரம்பித்தது. நெய் பருப்பைத் தாண்டி, பொரியலைச் சுற்றிக்கொண்டு, அப்பளத்தை மிதக்க விட்டு, இலையின் நரம்பு வழியாக என் வேட்டியை நோக்கி வந்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. எழுந்து நின்றவர்கள் எல்லாரும் பின்னால் கூடி நின்று எட்டிப் பார்த்தார்கள். இரண்டு கிழவர்களும் நிறுத்தத் தெரியாமல் மாட்டிக்கொண்டோம், ஒருவர் நின்றுகொண்டு, ஒருவர் உட்கார்ந்துகொண்டு.

பதின்மூன்றாவது கரண்டி கவிழ்ந்தபோது ஒரு கை குறுக்கே வந்தது. மருதாணி வைத்த கை, முழங்கை வரை வளையல். மணப்பெண் அறையிலிருந்து பட்டுப் புடவையோடு வந்த புவனா என் இலைமேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள். நெய் அவள் கைமேல் விழுந்து வளையல் வழியாக ஒழுகியது.

“சாலு தாத்தா,” என்றாள். போதும் என்பதைப் பந்தியில் நாங்கள் தெலுங்கில்தான் சொல்வோம். எங்கள் இருவரில் யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை. இருவருமே கேட்டோம்.

முனிரத்தினம் தூக்கைக் கீழே வைத்துவிட்டுத் தோளைத் தேய்த்தார். அவள் கையைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சத்தமில்லாமல் சிரிக்க ஆரம்பித்தார்.

“நல்ல வேள. நிறுத்தத் தெரிஞ்சது ஒண்ணாவது கீது இந்த ஊட்ல. இது எங்க ஊட்டுக்கு வந்துரட்டும்.” உட்கார்ந்து சோற்றில் கை வைத்தார். நாற்காலிகள் மறுபடி இழுபட்டன. நாற்பத்தாறும் திரும்பியதை எண்ணிவிட்டுத்தான் என் இலையைப் பார்த்தேன். செல்வம் தூக்கையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு இரண்டாவது முறை சுற்றி வந்தான். இரண்டு மணி பத்து நிமிடத்துக்குத் தட்டு மாற்றினோம்.

இலையில் இருந்ததை நான் முழுவதும் சாப்பிட்டேன். வேறு வழியில்லை, அவர் பக்கத்தில் இருந்தார். அடுத்த மூன்று நாள் நான் எங்கே எத்தனை தடவை போய் வந்தேன் என்பதை மட்டும் என் வாழ்க்கையில் எண்ணவில்லை.

நான்காம் நாள் புவனாவுக்குப் போன் செய்து, எல்லாம் செத்துப் போயிருக்குமா என்று கேட்டேன். அவளுக்குக் கொஞ்ச நேரம் எதைக் கேட்கிறேன் என்று புரியவில்லை. புரிந்ததும் சிரித்தாள். ஒரு வேளைச் சாப்பாட்டில் அதுங்களுக்கு ஒன்றும் ஆகிவிடாது, தினமும் என்ன தின்கிறோம் என்பதுதான் கணக்கு என்றாள். பிறகு நிதானமாக ஒன்று கேட்டாள்.

“எண்ணெய நிறுத்தின, செரி. கீரைய எப்ப தொட்ட தாத்தா?”

தொடவில்லை. எண்ணெய் இல்லாத கீரை வாயில் வைக்க முடியாததால் அதையும் விட்டுவிட்டேன். காய், கேழ்வரகு ஒன்றும் சேரவில்லை. எட்டு மாதமாகத் தோசையும் தயிர்சோறும் சுட்ட அப்பளமும்தான். அன்றைக்கு நான் எழுதிக்கொண்டிருந்தபோது காதில் விழாமல் போனது இதுதானாம். கீரை, காய், தானியத்தில் இருக்கும் நார்தான் உள்ளே இருப்பவற்றுக்குச் சாப்பாடு. அது கிடைக்காவிட்டால் அவற்றில் சில பசியில் அந்த வழவழப்பான பூச்சையே அரிக்க ஆரம்பித்துவிடும். ஆக எட்டு மாதம் நான் காவல் காத்தேன் என்று நினைத்துக்கொண்டு பட்டினி போட்டிருக்கிறேன். நாற்பத்தாறு பேருக்கு அதைப் பிரசங்கம் வேறு செய்திருக்கிறேன்.

இப்போது கேழ்வரகுக் களியும் கீரையும் நாள் தவறாமல் உண்டு. கடலை எண்ணெய் சரோஜா ஊற்றுகிற அளவு. ஞாயிற்றுக்கிழமை நெய். ஏப்பம் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது. (எண்ணவில்லை. தோராயமாகச் சொல்கிறேன்.)

கல்யாணம் ஆகி ஐந்து வருடமாகிறது. வெதுருகுப்பத்துக்கு நான் போனால் முனிரத்தினம் நெய்க் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “சம்பந்தி, கை வைக்கிறீங்களா, புவனாவக் கூப்பிடட்டுமா?” என்று கேட்காமல் விடுவதில்லை. அந்த வீட்டில் அது எல்லாவற்றுக்கும் ஆகிவிட்டது. மோட்டாரை நிறுத்தாமல் வயலில் தண்ணீர் வழிந்தால் புவனாவைக் கூப்பிடு. போனை வைக்காமல் யாராவது பேசிக்கொண்டே இருந்தால் புவனாவைக் கூப்பிடு. புவனாவுக்கே பேச்சு நீண்டால் ஹரி அவள் முன்னால் உள்ளங்கையை விரிக்கிறான்.

போன மாதம் வடமாலபேட்டையில் பழைய அலுவலக நண்பர் வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை வீடும் தெரியாது, சமையல்காரரும் தெரியாது. பந்தியில் பாயசம் ஊற்றி வந்தவர் எனக்குப் பக்கத்து இலைக்காரர் கை வைக்காததைப் பார்த்து, “சாலா சார், இல்ல புவனா வரணுமா?” என்று கேட்டுவிட்டு ஊற்றிக்கொண்டே நின்றார்.

பக்கத்து இலைக்காரர் என் பக்கம் சாய்ந்தார். “யாருங்க அந்தப் புவனா? இந்தப் பக்கம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சொல்றாங்க.”

“தெரியலீங்களே,” என்று சொல்லிவிட்டு என் இலைமேல் கையை விரித்தேன்.